61 அவுன்ஸ் பொட்டலம்: மேலுறையிலிருந்து உட்பொருளை ஊகித்தல்

வரலாற்று ஆய்வில் ஆவணத்தை வாசிக்கப் பயிற்சி தருகிறோம். ஆவணம் வந்த உறையை வாசிக்கப் பெரும்பாலும் பயிற்சி தருவதில்லை. ஆவணக் காப்பகங்களில் கடிதம் கோப்பில் தங்கிவிட, அதன் உறை கழித்தெறியப்படுவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. எஞ்சிய உறைகளிலும் அஞ்சல்தலையைக் கத்தரித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் உறையே முதன்மைச் சான்றாக நிற்கும் நேர்வுகளும் உள்ளன. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத, கையில் கனக்கும் ஒரு பதிவு அஞ்சல் பொட்டலத்தின் மேலுறை மட்டும் நமக்குக் கிடைத்தால், அதிலிருந்து எவ்வளவு தூரம் அறிய முடியும்? விடை தெரிந்த ஒரு பொட்டலத்தைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அந்தப் பொட்டலத்தின் கதை கிருஷ்ணை ஆற்றங்கரையில் தொடங்குவதால் இந்திய வரலாற்று மாணவர்களுக்கு அதில் கூடுதல் அக்கறை இருக்க நியாயமுண்டு.

1958 நவம்பர் 8, சனிக்கிழமை. நியூயார்க் நகர அஞ்சலகத்தில் பழுப்புத்தாள் சுற்றிய பெட்டி ஒன்று முதல்வகுப்புப் பதிவு அஞ்சலில் சேர்க்கப்பட்டது. பெறுநர் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம். செலுத்தப்பட்ட மொத்தக் கட்டணம் 145 டாலர் 29 சென்ட். அதில் அஞ்சற்கட்டணம் 2 டாலர் 44 சென்ட். எஞ்சியது காப்பீட்டுக் கட்டணம். அந்த மேலுறை இன்று ஸ்மித்சோனியனின் தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. உட்பொருளை மறந்துவிட்டு இவ்வெண்களை மட்டும் கையிலெடுத்துக்கொள்வோம்.

முதலில் எடை. அமெரிக்காவில் அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் முதல்வகுப்பு அஞ்சலுக்கு அவுன்ஸுக்கு 4 சென்ட் என்ற வீதம் நடைமுறையில் இருந்தது. 244 சென்டை 4 ஆல் வகுத்தால் 61. ஆகவே பொட்டலத்தின் எடை 61 அவுன்ஸ். அதாவது ஏறத்தாழ 1,729 கிராம். (இராமானுஜன் எண்ணோடு இது பொருந்துவது தற்செயல், அதற்குமேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.) எடையை யாரும் நமக்குச் சொல்லாவிட்டாலும் கட்டணம் சொல்லிவிடுகிறது என்பது இதன் முதற்பாடம். பழைய அஞ்சல் வீத அட்டவணைகள் வரலாற்றாசிரியனுக்குத் தராசாகப் பயன்படும்.

ஒன்றேமுக்கால் கிலோ எடையுள்ள பொட்டலத்தில் என்ன இருக்கலாம்? இரண்டு தடித்த நூல்கள் இருக்கலாம். கணக்குப் பேரேடு இருக்கலாம். கையெழுத்துப்படி, கற்படிவம், பித்தளைக் கருவி என எதுவும் இருக்கலாம். பெறுநர் ஓர் அருங்காட்சியக நிறுவனம் என்பதால் கனிம மாதிரி என்று ஊகிப்பவர் உண்மைக்கு அருகில் வந்திருப்பார். ஆனால் எடை மட்டும் சான்றாக இருக்கும்வரை இவற்றுள் எதையும் விலக்கவும் இயலாது, நிறுவவும் இயலாது.

இரண்டாவது எண் காப்பீடு. மொத்தத்தில் 142 டாலர் 85 சென்ட் இதற்கே சென்றது. அஞ்சற்கட்டணத்தைப் போல் இது ஏறத்தாழ 58 மடங்கு. காப்பீட்டின் அளவு சுமார் 10 இலட்சம் டாலர். இப்போது எடையையும் மதிப்பையும் சேர்த்து வைத்து நோக்கினால், தனித்தனியே பேசாத இரண்டு சான்றுகளும் பேசத் தொடங்குகின்றன.

தங்கமா என்று பார்ப்போம். அக்காலத்தில் அமெரிக்க அரசு நிர்ணயித்திருந்த தங்க விலை டிராய் அவுன்ஸுக்கு 35 டாலர். பொட்டலம் முழுவதும், தாளும் பெட்டியும் உட்பட, தங்கமே என்று வைத்துக்கொண்டாலும் அது 56 டிராய் அவுன்ஸைத் தொடாது. மதிப்பு இரண்டாயிரம் டாலருக்குள் அடங்கிவிடும். மேலும் 1933 முதல் 1974 இறுதிவரை அந்நாட்டில் தனியார் தங்கக்கட்டி வைத்திருப்பதே தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே தங்கம் விலகுகிறது.

பணத்தாளா? அமெரிக்கத் தாள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிராம் எடை. 10 இலட்சம் டாலரை நூறு டாலர் தாள்களாக அனுப்பினால் 10,000 தாள்கள், 10 கிலோ. அதுவும் விலகுகிறது. ஆனால் ஆயிரம் டாலர் தாள்கள் அன்று இன்னும் வழக்கிலிருந்தன. அவை 1969இல்தான் நிறுத்தப்பட்டன. ஆயிரம் தாள்களின் எடை ஒரு கிலோ. அது இந்தப் பொட்டலத்துக்குள் அடங்கும். பங்குப் பத்திரங்களும் அடங்கும். எனவே எஞ்சும் ஊகங்கள் மூன்று: உயர்மதிப்புத் தாள்கள், பத்திரங்கள், மணிக்கற்கள். இம்மூன்றில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பத்தக்கது எது என்று கேட்டால் விடை ஓரளவு தானே வெளிப்படுகிறது.

உள்ளே இருந்தது ஹோப் வைரம். அனுப்பியவர் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன். அதன் எடை 45.52 காரட், அதாவது 9.1 கிராம். நம்மூர்க் கணக்கில் ஒரு தோலாவுக்கும் குறைவு. அதைச் சூழ்ந்த பதக்கத்தின் வெண்வைரங்களும் சங்கிலியும் உடனிருந்தன. எனினும் 1,729 கிராமில் அந்த நீலக்கல்லின் பங்கு ஏறத்தாழ அரை விழுக்காடு மட்டுமே. பொட்டலத்தின் கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் பெட்டியும் பொதிவுப் பொருள்களும்தான். எடையை நம்பி ஊகித்தவர் அட்டையையும் தாளையும்தான் எடைபோட்டிருப்பார்.

இதிலிருந்து ஒரு பொது விதியை எடுத்துரைக்கலாம். பதிவு அஞ்சல் உறையில் மூன்று வகைச் செய்திகள் உள்ளன. எடை அஞ்சலகம் தானே அளந்து அறிந்தது. மதிப்பு அனுப்புநர் கூற, அஞ்சலகம் கட்டணம் பெற்று ஏற்றுக்கொண்டது. உட்பொருள் அனுப்புநரும் பெறுநரும் மட்டும் அறிந்தது. அஞ்சலகத்துக்கு அதை அறிய வேண்டிய தேவையில்லை. மூன்றும் வெவ்வேறு தரச் சான்றுகள். ஒன்றின் நம்பகத்தை இன்னொன்றுக்கு ஏற்றிச் சொல்வதே ஊகத்தில் நேரும் முதன்மைப் பிழை.

அப்படியானால் எடையை ஏன் இத்தனை கவனமாகக் குறிக்கிறார்கள்? இந்திய அஞ்சல் நடைமுறை இதற்குத் தெளிவான விடை தருகிறது. காப்பீடு செய்த பொட்டலத்தைத் துணியிட்டுத் தைத்து, தையல்மீது அரக்கு முத்திரை பதித்து, எடையை உறைமேல் எழுதுவது இங்கு நெடுங்கால வழக்கம். வழியில் எவரேனும் பிரித்து எதையேனும் எடுத்தால் முத்திரை உடையும், அல்லது எடை மாறும். புறப்பட்ட இடத்து எடையும் சேர்ந்த இடத்து எடையும் ஒன்றா என்பதே கேள்வி. எடைக்குறிப்பின் பயன் உட்பொருளை அறிவிப்பதில் இல்லை, அது மாறவில்லை என்று உறுதி கூறுவதில் இருக்கிறது.

இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இதே எல்லையில்தான் நிற்கிறது. 1897ஆம் ஆண்டின் பொதுச் சட்டக்கூறுகள் சட்டம், 27ஆம் பிரிவின்படி, சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, ஆவணம் அடங்கிய கடிதத்தைப் பதிவு அஞ்சலில் சேர்த்தால், மாறாக நிறுவப்படும்வரை அது சார்பு செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும். காசோலை வழக்கொன்றில் 2007இல் உச்ச நீதிமன்றமும் இந்த அனுமானத்தின் வலுவை உறுதிப்படுத்தியது. ஆனால் அஞ்சலக ரசீதும் ஒப்புகை அட்டையும் உறையின் பயணத்துக்குச் சான்று. உறைக்குள் இருந்தது அறிவிப்பா வெற்றுத்தாளா என்பதற்கு அவை தாமாகச் சான்றாவதில்லை. அதற்கு நகல், அலுவலகப் பதிவேடு, சாட்சியம் எனப் பிற ஆதாரங்கள் வேண்டும். வழக்கறிஞர்கள் அன்றாடம் அறிந்த இவ்வேறுபாட்டை ஆவணங்களைக் கையாளும் நாமும் அறிந்திருத்தல் நலம்.

வின்ஸ்டன் பாதுகாவலர் படையை அமர்த்தாமல் அஞ்சலை நாடியது ஏன் என்ற கேள்விக்கு வருவோம். விலைமதிப்புள்ள கற்களை அனுப்பப் பதிவு அஞ்சலே அவர் விரும்பிய வழி. இது அவருடைய தனிப்பட்ட துணிச்சல் என்று கொள்ளத் தேவையில்லை. இதற்கு முன்னோடிகள் உண்டு. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கண்டெடுக்கப்பட்ட கல்லினன் வைரத்தின் எடை 3,106 காரட். 621 கிராமுக்குச் சற்று மேல். அதை இலண்டனுக்கு அனுப்பியபோது, நீராவிக் கப்பலொன்றில் துப்பறிவாளர்கள் காவலுடன் ஒரு பொட்டலம் கப்பல் தலைவரின் பெட்டகத்தில் வைக்கப்பட்டது. அது போலி. உண்மையான கல் சாதாரணப் பெட்டியில், பதிவு அஞ்சலில் சென்றது. 1908இல் அதைப் பிளப்பதற்காக ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டு சென்றபோதும் இதே உத்திதான். பிரித்தானியக் கடற்படைக் கப்பல் வெற்றுப் பெட்டியைச் சுமந்து சென்றது. வைரவெட்டுநர் ஆஷர் கல்லைத் தம் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு சென்றார்.

இவற்றுக்கு அரை நூற்றாண்டு முன்பு கோகினூர் இந்தியாவைவிட்டுச் சென்ற முறையும் ஒப்புநோக்கத்தக்கது. பஞ்சாப் இணைக்கப்பட்ட பின், ஆளுநர் தலைவர் டல்ஹவுசி அதைத் தம் இடைக்கச்சையில் தைத்துக்கொண்டு இலாகூரிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அங்கே அது சிறிய இரும்புப் பெட்டகத்துள் முத்திரையிடப்பட்டு, அப்பெட்டகம் சிவப்பு நிற அரசுப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, கருவூலத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தது. 1850 ஏப்ரல் 6 அன்று 'மெடியா' என்ற போர்க்கப்பலில் புறப்பட்டது. உள்ளே இருப்பது இன்னதென்று மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது. அன்றைய கோகினூரின் எடை 38 கிராம் அளவே. இங்கும் பெட்டியின் கனத்துக்கும் கல்லின் கனத்துக்கும் தொடர்பில்லை.

இதற்கு நேர்மாறான நேர்வு 1937இல் நிகழ்ந்தது. அமெரிக்க அரசு தன் தங்க இருப்பைக் கென்டக்கியின் நாக்ஸ் கோட்டைக்கு இடம்மாற்றியபோது அதையும் அஞ்சல்துறை வழியாகவே, தொடர்வண்டிகளில் அனுப்பியது. 400 டிராய் அவுன்ஸ் கொண்ட வழக்கமான கட்டி ஒன்றே 12 கிலோவுக்கு மேல் கனக்கும். அங்கு ஊகிக்க ஒன்றுமில்லை. என்ன செல்கிறது என்பது ஊரறிந்த செய்தி. காவலும் ஊரறிய நின்றது. தங்கத்தின் எடையை மறைக்க இயலாது என்பதால் அதற்குப் படைபலம் தேவைப்பட்டது. வைரத்தின் எடை எதனுள்ளும் மறையும் என்பதால் அதற்குப் பழுப்புத்தாள் போதுமானதாக இருந்தது.

பதிவு அஞ்சலின் வலிமை கையொப்பச் சங்கிலியில் உள்ளது. பொட்டலம் கைமாறும் ஒவ்வோரிடத்திலும் பெற்றவர் பெயர் பதிவாகிறது. எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது, எப்போது சென்றது என்பதற்கு வரிசை அறுபடாத சான்று கிடைக்கிறது. வின்ஸ்டனின் பொட்டலம் தொடர்வண்டியில் வாஷிங்டன் வந்து, நவம்பர் 10, திங்கட்கிழமை, அஞ்சல்காரர் ஒருவரால் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப்பட்டது. அந்த அஞ்சல்காரரின் பெயர் அருங்காட்சியகப் பதிவுகளில் உண்டு. இரண்டு நாள் பயணம் சென்ட் கணக்குவரை ஆவணப்பட்டிருக்கிறது.

இனி அதே கல்லின் முற்பயணத்தைப் பார்ப்போம். பிரெஞ்சு வணிகர் ழான் பப்தீஸ்த் தவர்னியே இந்தியாவில் பெற்ற நீல வைரம், பழைய அளவில் 112 காரட்டுக்குச் சற்று மேற்பட்டது. அது கோல்கொண்டா நாட்டுக் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. 1668இல் அதைப் பதினான்காம் லூயி மன்னர் வாங்கினார். 1673இல் அது மீண்டும் பட்டை தீட்டப்பட்டு 67 காரட்டாகக் குறைந்தது. 1792இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, அரச கருவூலத்திலிருந்து திருடப்பட்டது. இருபது ஆண்டும் சில நாட்களும் கழித்து, 1812 செப்டம்பரில், 45 காரட் அளவுள்ள ஒரு நீலக்கல் இலண்டன் வணிகர் ஒருவரிடம் இருப்பதாகக் குறிப்பு கிடைக்கிறது. 1839இல் ஹென்றி பிலிப் ஹோப்பின் சேகரிப்புப் பட்டியலில் இடம்பெறுகிறது. 112, 67, 45 என்று இறங்கும் இந்த எடைவரிசையே அதன் வாழ்க்கைக் குறிப்பு எனலாம்.

திருடுபோன பிரெஞ்சு நீலமும் ஹோப் வைரமும் ஒன்றே என்பது நெடுநாள் ஊகமாகவே இருந்தது. 2007இல் பாரிசின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பிரான்சுவா ஃபார்ழ் என்ற கனிமவியலாளர் ஓர் ஈய வார்ப்பைக் கண்டெடுத்தார். அது பிரெஞ்சு நீலத்தின் வடிவை அப்படியே காட்டும் படியுரு. ஈயத்தின் அடர்த்தி வைரத்தினுடையதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே அப்படியுரு மூலக்கல்லைவிடப் பலமடங்கு கனமானது. அதன் பட்டைகளை அளந்து கணினியில் ஒப்பிட்டபோது, ஹோப் வைரம் அதற்குள் பொருந்துவது தெளிவாயிற்று. இங்கும் எடை விடை தரவில்லை. வடிவமும், உரிமையாளர் குறித்த பதிவேட்டுக் குறிப்புமே விடை தந்தன.

இந்தக் கல்லைச் சூழ்ந்த சாபக்கதை அனைவரும் அறிந்தது. கோயில் சிலையின் கண்ணிலிருந்து பெயர்த்தெடுத்த கல், தீண்டியவரைத் தீண்டும் என்று இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் செய்தித்தாள்கள் வளர்த்த கதை அது. 1676இல் வெளியான தவர்னியேயின் பயணநூலில் அத்தகைய திருட்டு எதுவும் இல்லை. ஆனாலும் 1958இல் அந்தக் கல்லை ஏற்க வேண்டாம் என்று ஸ்மித்சோனியனுக்குப் பொதுமக்கள் கடிதம் எழுதும் அளவுக்குக் கதை வேரூன்றியிருந்தது. ஒரு வகையில் இதுவும் உறையைக் கொண்டு உட்பொருளை ஊகித்ததுதான். இந்தியா என்ற முகவரியைக் கண்டதும் உள்ளே கோயிலும் சிலையும் சாபமும் இருக்கும் என்று மேலைநாட்டு வாசகர் ஊகித்துக்கொண்டனர்.

அந்த ஊகம் மறைத்துவிட்ட உட்பொருள் எது? தவர்னியேயின் நூலிலேயே அது இருக்கிறது. கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆண், பெண், சிறுவர் என ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்தனர் என்கிறார் அவர். ராவல்கொண்டாச் சுரங்கம் பற்றி எழுதும்போது, தொழிலாளி ஒருவரின் ஆண்டுக் கூலி மூன்று பகோடா மட்டுமே என்றும், ஐம்பது பேருக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து காவலர் நிறுத்தப்பட்டனர் என்றும் குறிப்பிடுகிறார். கல்லை நிறுக்க அங்கே வழங்கிய அளவுகளுள் ஒன்றை அவர் 'மாங்கெலின்' என்று எழுதுகிறார். நம் மஞ்சாடி வித்துதான் அச்சொல்லின் பின்னணியில் உள்ளது. ஆக, கல்லை எடைபோடுவதற்கு நுட்பமான அளவைகள் இருந்தன. கல்லின் எடைக்கேற்ப விலையைக் கணிக்கும் வாய்பாடுகளும் இருந்தன. தோண்டியவரைக் கண்காணிக்க ஆட்களும் இருந்தனர். தோண்டியவரின் பெயரைக் குறிக்கத்தான் எவரும் இல்லை.

1958இன் அஞ்சல்காரர் பெயரோடு அறியப்படுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் அக்கல்லைச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த கை பெயரின்றிப் போயிற்று. கொல்லூர் இருந்த பகுதியும் இன்று கிருஷ்ணையின் குறுக்கே கட்டப்பட்ட புலிச்சிந்தல அணையின் நீர்த்தேக்கப் பரப்புக்குள் அடங்கிவிட்டது. பதிவு என்பது எவருக்கு வழங்கப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது என்ற கேள்வி அஞ்சல் வரலாற்றோடு முடிவதில்லை. பொருள் வரலாறு எழுத முற்படும் ஒவ்வோர் ஆய்வாளரும் அதை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு நிகழ்காலக் காரணமும் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் இந்திய அஞ்சல்துறை பதிவு அஞ்சலைத் தனிச் சேவையாக நடத்தாமல் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டது. பொட்டலத்தின் நகர்வு இனி இணையவழித் தடமாகவே பெரிதும் கிடைக்கும். பயனாளருக்கு அது வசதியே. ஆனால் 1958இன் மேலுறையைப் பெட்டகத்தில் வைத்துக் காப்பதுபோல் இந்தத் தடங்களை எவர், எத்தனை காலம் காப்பார் என்ற கேள்வி எதிர்கால வரலாற்றாசிரியருக்கு மிகமுக்கியமானது. நம் வீடுகளிலும் பல்கலைக்கழக அலுவலகங்களிலும் எஞ்சியுள்ள பழைய பதிவு உறைகள், துணிப்பொட்டலங்களின் முகவரிச் சீட்டுகள், ஒப்புகை அட்டைகள் ஆகியவற்றைக் கழிவென்று தள்ளிவிடாமல், கடிதத்தோடு சேர்த்தே பட்டியலிடும் வழக்கத்தை இளம் ஆய்வாளர்கள் மேற்கொள்ள வேண்டும். உறையின் நீள அகலம், கட்டணம், எடை, காப்பீட்டு மதிப்பு, முத்திரைகளின் நாள், இடம் ஆகியவற்றை ஒரு வரியில் குறித்து வைத்தாலும் போதும். ஒன்றேமுக்கால் கிலோவுக்குள் ஒன்பது கிராமைத் தேட அந்த ஒரு வரி உதவியிருக்கிறது.